மீதியெல்லாம் மாவு

அத்தியாயம் 8

அன்று வியாழக்கிழமை என்றுதான் எனக்கு ஞாபகம். பச்சையம்மாவைக் கேட்டால் வெள்ளி என்று சாதிப்பாள். தூறிக்கொண்டிருந்தது என்கிறேன் நான். வெயில் மண்டையைப் பிளந்தது என்கிறாள் அவள். அந்த ஆட்டோவை ஓட்டியவள் அவள்தான், நான் அதில் இல்லை. ஆகவே வெயில் என்றே வைத்துக்கொள்வோம். நாலைந்து முறை இந்தக் கதையை என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஓரிடம் வந்ததும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள். அந்த இடத்தை நான் சரியாகத்தான் நிரப்பியிருக்கிறேனா என்பதும் நிச்சயமில்லை. கெடு மாலை ஐந்து மணி என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் சந்தேகம் கிடையாது.

காலை பத்தரை. மயிலாப்பூர் சித்திரகுளத்தை ஒட்டிய சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில், துப்பறிவாளர் ஸ்ரீரங்கன் ஒரு மணி நேரமாக வாயைத் திறக்கவில்லை. முப்பது வருடம் தீ விபத்து நடந்த இடங்களைப் பார்த்துப் பார்த்து அறிக்கை எழுதியவர். கரியைப் பார்த்துப் பழகியவருக்குப் பேச்சு குறைந்துபோயிருந்தது. மேஜைமேல் ஒரு கட்டம் போட்ட தாள். பென்சிலால் அதில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், கோலமா?" என்றாள் பச்சையம்மா.

அவர் நிமிரவில்லை.

பச்சையம்மா அவரிடம் ஒன்பது வருடமாக உதவியாளர். அதற்கு முன் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றாள். இப்போது சொந்த ஆட்டோ ஓட்டுகிறாள். இந்த வழக்கைக் கொண்டுவந்தவளே அவள்தான். அவள் குடியிருக்கும் குடியிருப்பில் மூன்றாம் மாடி லாசர் அண்ணனின் மகள் ஜாஸ்மின், அடையாறில் 'நீலக்கரை' என்ற சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஃபைபர் படகில் விழும் விரிசலை அடைக்கும் பசை அங்கே தயாராகிறது. ஆறு வாரத்துக்கு முன்னால் அங்கே கலவை டிரம் கொதித்துத் தீப்பிடித்தது. அங்கேயே வேலை பார்த்த நந்தகுமார் மூடியைத் திறக்கப் போய்ச் செத்துப்போனான். ஜாஸ்மினுக்கும் அவனுக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது.

கம்பெனி ஒரு விசாரணை வைத்தது. ஆபத்தான கலவையைத் தடுக்கும் எல்லையை யாரோ கம்ப்யூட்டரிலிருந்து எடுத்திருக்கிறார்கள், எடுத்தது ஜாஸ்மினின் கணக்கிலிருந்து என்று அது முடிவு செய்தது. இன்று ஐந்து மணிக்கு அந்த அறிக்கை காவல் நிலையத்துக்குப் போகும். போனால் ஜாஸ்மின் கைது. 'நான் செய்யவில்லை' என்றுகூட அந்தப் பெண் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் பச்சையம்மாவுக்கு விளங்காத விஷயம்.

"வாங்கோ, இதைப் பாருங்கோ," என்றார் ஸ்ரீரங்கன் கடைசியில். "பதினெட்டு சோதனை. ஒவ்வொண்ணுலயும் கல்மாவு எவ்வளவுன்னு புள்ளி வெச்சிருக்கேன். பசையில ரெசின், அதைக் கெட்டியாக்கற திரவம், அதை வேகப்படுத்தற திரவம், இந்த மூணும் போக நூத்துக்கு மீதியெல்லாம் மாவு."

"மாவு கொறஞ்சா ரெசின் கொதிச்சிக்கும் சார். எங்க குப்பத்துல போட்டுக்கு ஒட்டுப் போடறவன்கூட உஷாரா இருப்பான்."

"அதான் எல்லை. முப்பதுக்குக் கீழ போகப்படாது. இங்க பாருங்கோ. நாப்பத்திநாலு, முப்பத்தெட்டு, முப்பத்திமூணு, முப்பது, முப்பது, முப்பத்தொண்ணு, முப்பது. பதினாலாவது வரைக்கும் இப்படி. அப்பறம்?"

பச்சையம்மா விரலை வைத்து ஓட்டினாள். பதினைந்தாவது இருபத்திநாலு. அடுத்தது பத்தொன்பது. அடுத்தது பன்னிரண்டு. பதினெட்டாவது புள்ளி தாளின் அடிவிளிம்பில் கிடந்தது. ஐந்து. அன்றுதான் தீ.

"ஆடு மேய்ஞ்ச மாதிரியே கீது சார். வேலியாண்ட போய் போய் ஒரசிக்கினே நின்னுச்சு. வேலி பூட்ச்சு, ஆடு பூந்துச்சு."

ஸ்ரீரங்கனின் முகத்தில் ஏதோ அசைந்தது. அவரைப் பொறுத்தவரை அது சிரிப்பு.

"வேலி எங்க இருந்ததுன்னு ஆடு மேய்ஞ்ச தடமே சொல்லிடறது. பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல போயிருக்கு. அது சனிக்கிழமை. யார் பிடுங்கினாங்கறதுதான் தெரியணும்."

பச்சையம்மா தாள்களைப் புரட்டினாள். லாசர் அண்ணன் எப்படியோ கெஞ்சி வாங்கி வந்த நகல்கள். ஒவ்வொரு சோதனைக்கும் கம்ப்யூட்டரிலிருந்து அட்டவணையை அச்சடித்து டிரம்முக்குப் பக்கத்தில் மாட்டுவார்களாம். பதினைந்தாவது தாளின் மூலையில் பேனாவால் கிறுக்கிய படம் ஒன்று இருந்தது. தும்பிக்கை, ரெண்டு காது, பல்லி மாதிரி ஒரு வால்.

"இத்த பாரு சார். கொலகாரன் யானைய வரைஞ்சி வெச்சிட்டுப் போயிருக்கான்."

"யாரோ கிறுக்கியிருக்கா," என்றார் அவர். "வண்டியை எடுங்கோ. தி. நகர்."

பனகல் பூங்கா பெஞ்சில் சுஹாஸ் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீலக்கரையில் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவன் பொறுப்பில்தான் இருந்தது. தீ விபத்து நடந்த இரண்டாவது வாரமே வேலையை விட்டுவிட்டான்.

"ஆன்ட்டி, கொஞ்சம் மெதுவா பேசுங்க. யாராவது கேட்டா..."

"ஆன்ட்டியா? ஒனக்கும் எனக்கும் பத்து வயசு வித்தியாசம் இருக்குமா நைனா?"

அவளுக்கு நாற்பத்தாறு. அவனுக்கு இருபத்தேழு.

"அந்த மெஷின் எப்படி வேலை செய்யறதுன்னு சொல்லுப்பா," என்றார் ஸ்ரீரங்கன். "இவாளுக்குப் புரியற மாதிரி."

"எனக்கா? நீங்கதான் சார் காலையில இருந்து முழிச்சிக்கினு கீறீங்க."

சுஹாஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான். "முதல்ல ஒரு ஏழெட்டு கலவை செஞ்சு பார்ப்போம். அந்த முடிவை எல்லாம் வெச்சு, அடுத்து எதைக் கலந்தா பசை இன்னும் நல்லா வரும்னு அது ஊகிச்சுச் சொல்லும். நல்லா வந்த இடத்துக்குப் பக்கத்துலயே தோண்டும். சில நேரம் யாரும் போகாத மூலைக்குப் போகச் சொல்லும். அதுக்கு ஆசை ஜாஸ்தி சார். பயம்தான் கிடையாது. பயத்தை நாமதான் எழுதி வைக்கணும்."

"எழுதினியா?"

"எழுதினேன் சார். மாவு முப்பதுக்குக் குறையக் கூடாதுன்னு."

"எங்க எழுதின?"

சுஹாஸ் இன்னொரு நகத்தைக் கடித்தான். பூங்காவுக்கு வெளியே பேருந்து ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கன் காத்திருந்தார். காத்திருப்பதில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது.

"மாவுப் பத்தியில," என்றான் அவன்.

"பத்தின்னா? ஊதுபத்தியா?"

"அட்டவணையில எண்ணெல்லாம் மேலேர்ந்து கீழ வரிசையா இறங்குமில்ல, அது. கடைசிப் பத்தி மாவு. எல்லையை அதுமேல மாட்டி வெச்சேன்." அவன் குரல் இறங்கியது. "யாரும் எல்லையை எடுக்கலை சார். பத்தியை எடுத்திருக்காங்க. மத்த மூணையும் நூறுல கழிச்சா மாவு தானா வந்துடும், டிரம்மும் மீதியைத் தானாவே கொட்டிக்கும், இது எதுக்கு வெட்டியான்னு நினைச்சு எடுத்திருப்பாங்க. எல்லை அதோட ஒட்டியிருந்தது. கூடவே போயிடுச்சு."

"எடுக்கும்போது அந்த மெஷின் ஒண்ணுமே கேக்காதா?" என்றாள் பச்சையம்மா.

"கேட்டிருக்கும். இங்கிலீஷ்ல ரெண்டு வரி வரும். கீழ ஓகேன்னு இருக்கும்."

"யாராச்சும் படிப்பாங்களா அத்த?"

"நானே படிச்சதில்ல ஆன்... படிச்சதில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மத்த மூணும் சேர்ந்து எழுபதைத் தாண்டக் கூடாதுன்னு நான் எழுதியிருந்தா, மாவுப் பத்தியே இல்லாட்டியும் வேலி நின்னிருக்கும் சார். ரெண்டும் ஒண்ணுதானேன்னு நினைச்சேன்."

"கணக்குல ஒண்ணுதான்," என்றார் ஸ்ரீரங்கன்.

சுஹாஸ் கைபேசியில் ஒரு படம் காட்டினான். வேலையை விடும் முன் திரையைப் பிடித்து வைத்திருக்கிறான். சனிக்கிழமை ஒன்று நாற்பது, பத்தி நீக்கம். ஒன்று நாற்பத்திரண்டு, அச்சு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"இதை விசாரணையில சொன்னியா?"

"நீரஜா மேடம்கிட்ட சொன்னேன் சார். மொதலாளி அவங்கதானே. 'யார் எடுத்தாங்கன்னு மட்டும் சொல்லு, எப்படின்னு யாரும் கேக்கலை'ன்னாங்க. கணக்கு ஜாஸ்மின் கணக்கு. என்ன சொல்ல?"

ஆட்டோவில் ஏறியதும் ஸ்ரீரங்கன் சொன்னார்: "வேலியைப் பிடுங்கறவன் உள்ள போய் ஏதாவது எடுக்கணும். இந்த ஆள் பிடுங்கினான், ஒரே ஒரு தாள் அச்சடிச்சான், எழுந்து போயிட்டான். அவனுக்கு வேண்டியது அந்தத் தாள்தான்."

பச்சையம்மா வண்டியைக் கிளப்பவில்லை. பதினாலாவது தாளையும் பதினைந்தாவது தாளையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பதினாலு வரைக்கும் இரண்டிரண்டு பக்கம். பொடி எழுத்து, அட்டவணை ஒரு பக்கத்தில் அடங்காமல் அடுத்ததில் வழிந்திருந்தது. ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சில் கோடு. பதினைந்திலிருந்து ஒரே பக்கம். எழுத்து பெருசு பெருசாக. கோடு இல்லை.

"சார், இது ஜாஸ்மின் போட்ட கோடு. அதுக்குக் கண்ணு ரொம்ப மோசம். கண்ணாடி சோடா பாட்டில் அடி மாதிரி இருக்கும். வரி மாறிடும்னு ஸ்கூல்லயே கோடு போட்டுத்தான் படிக்கும். எழுத்து பெருசானதும் கோடு நின்னுபூட்ச்சு."

ஸ்ரீரங்கன் தாள்களை வாங்கிப் பார்த்தார். ஒரு பத்தியை எடுத்தால் அட்டவணை ஒரு பக்கத்தில் அடங்கும், எழுத்தும் பெரிதாகும்.

"ஆனா அதுவே செஞ்சிருந்தா பதினாலு தடவை கண்ணைப் பிதுக்கிக்கினு இருந்திருக்குமா? மொதல்லயே செஞ்சிருக்கும். வேற ஆளு சார்!" என்றாள் பச்சையம்மா. "அதுவுமில்லாம சனிக்கிழமை மதியானம் அது ஆபீஸ்லயே இருக்காது. பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போவும். வாரம் தவறாது. இருங்க, ஒரே அமுக்கா அமுக்கறேன்."

ஒன்பது வருடத்தில் அவள் அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை என்று அவளே சொல்கிறாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனாள். நீரஜா மேடத்தின் மூக்கு எப்படி உடையப்போகிறது, லாசர் அண்ணன் எப்படி அழுவார், வஞ்சிர மீன் வாங்கி எப்படிக் குழம்பு வைக்கப்போகிறாள், சாருக்குப் பாவம் வத்தக்குழம்புதான். அவள் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தாள். பின்சீட்டில் ஸ்ரீரங்கன் பதினைந்தாவது தாளை மடித்து மடித்து, மூலையில் இருந்த யானை மட்டும் தெரியும்படி வைத்திருந்தார்.

மாதா கோயிலுக்கு வெளியே மெழுகுவத்திக் கடை போட்டிருப்பவள் நிஷா. ஜாஸ்மினைத் தெரியுமா என்று கேட்டதும் வாயெல்லாம் பல்லானாள்.

"தெரியாமயா? வாராவாரம் எங்கிட்டதான் ரெண்டு மெழுகுவத்தி வாங்கும்."

"தீப்பிடிச்சதுக்கு முந்தின சனிக்கிழமை வந்துச்சா? நல்லா யோசிச்சி சொல்லு."

"யோசிக்கறதுக்கு இன்னாக்கா? அன்னிக்குத்தான் அத்தோட கண்ணாடி ஒடைஞ்சிது. கூட்டத்துல எவனோ இடிச்சிட்டான். கீழ வுழுந்து ஒரு பக்கம் காது வெக்கிற கம்பி பூட்ச்சு, ஒரு கண்ணாடியும் கீறல் வுட்டுச்சு. நான்தான் நூல் போட்டுக் கட்டிக் குடுத்தேன். ரெண்டு மணி வரைக்கும் தோ இந்த ஸ்டூல்லதான் குந்திக்கினு இருந்துச்சு."

"ரெண்டு மணி! ஒண்ணு நாப்பதுக்கு இங்க!" பச்சையம்மா நிஷாவின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். "கேஸ் முடிஞ்சிபூட்ச்சு சார்! இவள அப்டியே தூக்கிக்கினு போய் ஸ்டேசன்ல..."

"உக்காந்துண்டு என்ன பண்ணினா?" என்று கேட்டார் ஸ்ரீரங்கன்.

"அழுவாத கொறதான் சார். அந்தப் பையனுக்குப் போன் போட்டுச்சு. பாவம், செத்துட்டான் இல்ல, அவனுக்குத்தான். 'கண்ணாடி ஒடைஞ்சிபோச்சு, திரும்பிப் போய் அந்தத் தாள எப்டிப் படிக்கப்போறன்னு தெரியல'ன்னுச்சு. அவன் இன்னா சொன்னானோ, சிரிச்சிடுச்சு. அழுதுக்கினே சிரிச்சுது."

பச்சையம்மாவின் கை நிஷாவின் கன்னத்திலேயே நின்றது.

"சனிக்கிழமை அந்த ஆபீஸ்ல யார் யார் இருப்பா, பச்சையம்மா?" என்றார் ஸ்ரீரங்கன். பதில் தெரிந்து கேட்ட கேள்வி. அவர் குரல் அவ்வளவு மெதுவாக இருந்ததாக அவள் சொல்கிறாள்.

சனிக்கிழமை மற்ற எல்லோருக்கும் விடுமுறை. ரெண்டே பேர்தான் இருப்பார்கள். அதில் ஒருத்தி இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

இதற்கு அப்புறம்தான் பச்சையம்மா பேச்சை மாற்றுவாள். டீசல் விலை, மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம், எதையாவது பேசுவாள்.

பட்டினப்பாக்கம் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு அவர்கள் ஏறியபோது மூன்றரை தாண்டியிருந்தது. லாசர் நடைபாதையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கடலுக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது.

"பச்ச, ஏதாச்சும் கெடைச்சுதா?"

"கெடைச்சுதுண்ணே," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

ஜாஸ்மின் உள்ளே தரையில் உட்கார்ந்து ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். முகத்தைத் தாளுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு. அதே கண்ணாடி. ஒரு பக்கம் நூல் கட்டியபடியே இருந்தது. வரிக்குக் கீழே பென்சில் கோடு.

ஸ்ரீரங்கன் எதிரே தரையில் உட்கார்ந்தார். பதினைந்தாவது தாளை அவள் முன்னால் வைத்தார். அவள் யானையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"'வா, யானை சைஸ்ல அடிச்சு வெக்கிறேன்'னாரு போன்ல," என்றாள். "நான் கம்ப்யூட்டரைத் தெறந்தபடியே விட்டுட்டுப் போயிருந்தேன், என் கணக்குலயே அடிச்சு வெச்சிருக்காரு. வந்து பார்த்தா பெருசு பெருசா எழுத்து. மூலையில யானை. எனக்கு அன்னிக்கு அவ்ளோ சந்தோஷம் சார்."

"ஒனக்குத் தெரியுமாடி?" என்றாள் பச்சையம்மா.

"தீப்பிடிச்ச அன்னிக்கே தெரியும்க்கா. ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும்போதே. நானும் அந்தத் தாளை நாலு நாள் படிச்சேனே. மூணையும் கூட்டிப் பார்த்திருக்கலாம் இல்ல? மாவு எவ்ளோ கொட்டுதுன்னு ஒரு தடவை கழிச்சிப் பார்த்திருக்கலாம் இல்ல? எழுத்து தெளிவா தெரியுதேன்னு சந்தோஷப்பட்டுக்கினு இருந்தேன்."

"அதுக்கு நீ ஜெயிலுக்குப் போவியா? மாதா கோயில்ல இருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? நிஷா சாட்சி சொல்லுவா!"

"நான் இல்லன்னா யாரு?"

பச்சையம்மா தாளின் மூலையில் இருந்த யானையைப் பார்த்தாள்.

அப்போதுதான் கீழே குரல் கேட்டது. நடைபாதையில் லாசர் எழுந்து உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சாத்தியும் கேட்டது. நந்தகுமாரின் அம்மா. கூடை மீனை விற்று முடித்துவிட்டு தினமும் நாலு மணிக்கு வருகிறார் என்பது குடியிருப்புக்கே தெரியும். கீழே நின்று, அண்ணாந்து, கைநிறைய மண்ணை வாரித் தூற்றுவார்.

"எம்புள்ளைய கொன்னுட்டு மாடியில குந்திக்கினு கீறியாடி! நீ நாசமாப் போவ! உன் கண்ணு அவிஞ்சி பூடும்!"

மண் மூன்றாம் மாடிவரை எட்டாது. முதல் மாடிச் சுவரில் பட்டு உதிரும் சத்தம் மட்டும் வந்தது. ஒரு முறை. இன்னொரு முறை. மூன்றாவது முறை சத்தம் வந்ததும் ஜாஸ்மின் பேசினாள்.

"அந்தம்மாவுக்குத் தூத்த ஒரு ஆளு வேணும்க்கா. அவரு செஞ்சதுதான்னு நீங்க போய் நிரூபிச்சிட்டா, இந்த மண்ணை அது யார்மேல தூத்தும்? புள்ளைமேலயா?"

ஸ்ரீரங்கனின் மௌனத்தோடு ஒன்பது வருடம் காலம் தள்ளியவள் பச்சையம்மா. கேலி பேசியே அதை உடைப்பாள். அன்று அவளுக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

"அண்ணே, நீயாவது சொல்லேன்," என்றாள் லாசரிடம்.

லாசர் மகளைப் பார்த்தார். சாத்திய கதவைப் பார்த்தார். "கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி நந்தா என் போட்டுல ஏழு வருசம் வந்தான்," என்றார். பிறகு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் எழுதிக்கொண்டிருந்த தாளின் ஓரத்தை, காற்றில் பறக்காமல், விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அடையாறில் நீலக்கரை அலுவலகம் இருந்தது ஒரு பழைய வீட்டின் பின்கட்டில். சுவரில் கரி இன்னும் அப்படியே. நாலே முக்காலுக்கு ஸ்ரீரங்கன் நீரஜாவின் மேஜைமேல் இரண்டு காகிதத்தை வைத்தார். ஒன்று ஜாஸ்மின் கொடுத்தனுப்பியது. இன்னொன்று, ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து அவர் கையால் எழுதிய அறிக்கை. எல்லை எந்தப் பத்தியில் மாட்டப்பட்டது, பத்தி போனபோது அது எப்படிப் போனது, எழுபது என்று எழுதியிருந்தால் எப்படி நின்றிருக்கும், மீதியாகக் கொட்டும் பொருளைத் தாளில் யாரும் பார்க்க முடியாதபடி ஒரு டிரம்மை ஏன் ஓட்டினார்கள். புள்ளி வைத்த தாளும் கூடவே. பத்தியை எடுத்தவர் யார் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

நீரஜா முழுவதும் படித்தாள். கெட்டவள் என்று பச்சையம்மா அவளைச் சொல்வதில்லை. கண் சிவந்திருந்தது, நகம் கடித்திருந்தது என்கிறாள்.

"இதுல பேர் இல்லையே சார்."

"இல்லை. தப்பு அந்த ஒரு ஆள்மேல இல்லைன்னு எழுதியிருக்கேன்."

"யார்மேலன்னு எழுதியிருக்கீங்க?"

"படிச்சேளே."

நீரஜா ஜாஸ்மினின் கடிதத்தை எடுத்தாள். நாலு வரி. நான்தான் பத்தியை எடுத்தேன், யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் எடுத்தேன். வரிக்குக் கீழே பென்சில் கோடு.

"இதுல இருக்கு," என்றாள். அதைக் கோப்பின் மேலே வைத்தாள். ஸ்ரீரங்கனின் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மணி ஐந்தாக ஆறு நிமிடம் இருந்தது.

"சார், உங்க பாக்கெட்ல அந்த யானைத் தாள் கீது," என்று பச்சையம்மா வாசலில் வைத்துச் சொன்னாள். "நிஷா கீறா. அந்த சுஹாஸ் பையன் போன்ல நேரம் கீது. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல."

"தெரியும்," என்றார் அவர். "வேண்டாம்னு சொன்னவ அவ. வழக்கு அவளோடது."

திரும்பி வரும்போது அடையாறு பாலத்தில் போக்குவரத்து நின்றுபோயிருந்தது. இருவரும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ஜாஸ்மின் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். ஒன்றரை வருடம் கிடைத்தது, மேல்முறையீடு செய்யவில்லை. அவள் உள்ளே இருந்தபோது லாசர் இறந்தார். அடக்கத்துக்கு ஆறு மணி நேரம் விட்டார்கள், வந்து போனாள். இப்போது வெளியே இருக்கிறாள், வேறு ஊரில். எந்த ஊர் என்று பச்சையம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீலக்கரை வேறு பெயரில் சிறுசேரிப் பக்கம் நடக்கிறது. சுஹாஸ் பெங்களூரில் இருக்கிறான். எல்லைகளை இப்போது இரண்டு விதமாக எழுதி வைப்பதாக ஒருமுறை ஸ்ரீரங்கனுக்குச் செய்தி அனுப்பினான், அவர் பதில் போடவில்லை. அடுத்த பொங்கலுக்கு முன்பே ஸ்ரீரங்கன் சித்திரகுளத்து அறையைக் காலி செய்துவிட்டார். யானைத் தாளைக் கிழித்தாரா வைத்திருக்கிறாரா என்று தெரியாது. நந்தகுமாரின் அம்மா இன்னும் நாலு மணிக்கு வந்து, வேறு யாரோ குடியிருக்கும் அந்த மூன்றாம் மாடியைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போகிறார். பச்சையம்மா அந்த நேரத்தில் அந்தத் தெருவுக்குச் சவாரி எடுப்பதில்லை, வீட்டுக்கும் போவதில்லை.